அக்கரைக்கு ஒரு தோணிப் பிரயாணம்

மட்டக்களப்பு என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாடும் மீனாகும். நிலாக் காலத்திற் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் இட்டு, மறு நுனியிற் செவியை வைத்து அவ்வின்னொலியைக் கேட்டவர் பலர். விபுலாநந்த அடிகள் அதனை நீரர மகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடியும் வைத்தார். ஆயினும், பாடாத வேளையில் அவ்வாவி என்ன செய்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. சென்ற ஆவணி விடுமுறை வரை நாமும் அறியாதார் கூட்டத்திலேயே இருந்தோம்.

வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலைத் தொடும் இவ்வாவி, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. மிக அகன்ற இடத்தில் 4 கிலோமீற்றர் வரை விரிவது. மாரியில் ஆற்று வெள்ளம் நிறைந்து முகத்துவாரத்து மணற்றிட்டை உடைத்துக் கடலுட் பாயும். கோடையில் அத்திட்டு மீண்டும் வாயை மூடிவிடும். வாவிக்குக் கிழக்கே ஞாயிறு எழும் எழுவான்கரை. மேற்கே ஞாயிறு படும் படுவான்கரை. முன்னையதிற் கடையும் பாடசாலையும் பெருந்தெருவும் உண்டு. பின்னையதில் வயலும் மந்தையும் பழங்கோயில்களும் உண்டு. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் இந்நீரே எல்லையாகவும் நின்றது. 2014ஆம் ஆண்டில் மண்முனையிற் பாலம் திறக்கப்பட்ட பின்னர், அக்கரை செல்வது சில நிமிட வேலையாயிற்று.

ஆதலால், எமது மேல்வகுப்பு மாணாக்கர் பன்னிருவர் வந்து, "குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குத் தோணியிற் போய், கொக்கட்டிச்சோலைக் கோயிலையும் பார்த்து வருவோம்" என்று கேட்டபோது, பாலம் இருக்கத் தோணி எதற்கு என்று வினவினோம். வாவிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தும், அவர்களுள் எண்மர் ஒரு நாளேனும் அதில் இறங்கியவர் அல்லர் என்றனர். அம்மறுமொழியின் பின் மறுக்க எமக்கு மனம் வரவில்லை.

அவர்களுட் கணிதத்திற் கெட்டிக்காரன் ஒருவன் திட்டம் வரைந்து வந்தான். நிலப்படத்தில் அளவுகோல் வைத்துத் தூரத்தை அளந்து, தோணியின் வேகத்தால் வகுத்து, ஒரு மணி நேரத்துக்குள் அக்கரை சேரலாம் எனக் கணித்திருந்தான். காலை ஒன்பது மணிக்குப் புறப்பாடு. பிற்பகல் இரண்டு மணிக்கு மீட்சி. கணக்கிற் பிழையில்லை. நாமும் மகிழ்ந்து கையொப்பமிட்டோம். பன்னிரு பெற்றோரும் இசைவுக் கடிதம் தந்தனர். திட்டத்தைப் படித்துத் தந்தவர் எவருமில்லை, எம்மை நம்பியே தந்தனர் என்பது பின்னரே எமக்கு உறைத்தது.

அத்தாளுடன் துறைக்குச் சென்று, அறுபது வயது கடந்த தோணிக்காரப் பெரியவர் ஒருவரைக் கண்டோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எத்தின பேருக்கு நீந்தத் தெரியும், வாத்தியார்?"

ஐவருக்கு என்றோம்.

"திரும்பி வாறது ரெண்டு மணிக்கா? அந்த நேரம் இது நம்மட வாவி இல்லை. கச்சானுடைய வாவி."

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்து, ஈரமிழந்து, கீழ்ச்சரிவில் இறங்குகையில் வெப்பமுற்று, எமது சமவெளியிற் கச்சானாய் வீசுகின்றது என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகின்ற நாம், அதனை ஒரு தோணியோடு பொருத்திப் பார்த்ததில்லை. பெரியவர் பொருத்திக் காட்டினார். வெயில் ஏற ஏறக் கச்சான் வலுக்கும். படுவான்கரையில் நிற்பவனுக்கு அக்காற்று முதுகுப்புறத்திலிருந்து வருவது. மரங்கள் மறைப்பதால் அவன் காலடியில் நீர் அமைதியாய்க் கிடக்கும். அதனை நம்பித் தோணியைத் தள்ளுவான். நடுவாவியை நெருங்க நெருங்க அலை வளரும். ஆழங்குறைந்த நீராதலால் அவ்வலை குறுகியதாயும் செங்குத்தாயும் எழும். ஒன்றிலிருந்து தோணி இறங்குமுன் அடுத்தது வந்து மோதும். திரும்பலாம் என்றாலோ காற்றை எதிர்த்துத் துடுப்பு வலிக்க வேண்டும். தோணியைத் திருப்பும் கணத்தில் அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்துவிடும்.

"போறதைப் பற்றி எல்லாரும் கேப்பாங்க. வாறதைப் பற்றிக் கேக்கிறவன்தான் தோணிக்காரன்" என்றார் பெரியவர்.

அன்றிரவே புதிய திட்டம் எழுதினோம். கிழக்கு வெளுக்கும்போதே புறப்படுவது, நான்கு தோணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தோணிக்காரரும் மூன்று மாணாக்கரும், முதற்றோணியில் நாம், கடைத்தோணியில் உடனாசிரியர், நீந்தத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒன்றுபோல் உயிர்காப்பு அங்கி, ஒரு தோணி மற்றதன் குரலெட்டும் தூரத்தை விட்டு விலகாமை, நடுவழியில் எவரும் எழுந்து நில்லாமை. மீட்சியோ தோணியில் அன்று, பாலத்தின் வழியே பேருந்தில். தோணிக்காரர் அக்கரையில் இராத்தங்கி, மறுநாள் விடியலில் வெறுந்தோணிகளைக் கொண்டுவருவர். புறப்படலாமா என்பதைத் துறையில் நின்று பெரியவரே சொல்வார். அவர் சொல்லுக்கு மேல்முறையீடு இல்லை.

குறித்த சனிக்கிழமை இருட்டோடு துறையில் கூடினோம். கட்டுச்சோற்றின் மணம் பைகளில் எழுந்தது. பெரியவர் தென்னோலைகளை அண்ணாந்து பார்த்தார். இரவெல்லாம் அடங்காத கச்சான் அவற்றை அசைத்துக்கொண்டிருந்தது.

"இண்டைக்கு வேண்டாம்" என்றார்.

மாணாக்கர் முகங்கள் வாடின. கணக்கு வரைந்தவன், "அலை அவ்வளவாக இல்லையே, சேர்" என்று எம்மைப் பார்த்தான். எமக்கும் அவ்வாறே தோன்றியது. சற்றுக் கேட்டுப் பார்ப்போமா என்று நாவு துடித்ததை ஒளிக்கவில்லை. சட்டைப் பையிற் பன்னிரண்டு கடிதங்கள் இருந்தன. கையை அதன்மேல் வைத்தோம், கேட்கவில்லை. சோற்றைக் கரையிலேயே உண்டு, காலை பத்து மணிவரை அங்கிருந்தோம். அப்போது வாவி முழுவதும் வெண்ணுரை. கணக்கு வரைந்தவன் நெடுநேரம் அதனையே பார்த்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை ஓலை அசையவில்லை. நீர் எண்ணெய் போற் கிடந்தது. கரையோரத்துக் கண்டல் மரங்கள் பின்னே ஒதுங்க, பேச்சும் தானே ஒடுங்கிற்று. நடுவாவியில் இரு கரைகளும் ஒரே தூரத்தில் நின்றன; எந்தக் கரையும் எமக்கு உரியதாகத் தோன்றவில்லை. பின்னே எழுவான்கரையில் ஞாயிறு எழுந்து, முன்னே படுவான்கரைத் தென்னைகளை முதலிற் பொன்னாக்கியது. துடுப்பின் ஓசையன்றி வேறொன்றும் கேட்கவில்லை. வெயில் உறைக்குமுன் அம்பிளாந்துறையில் இறங்கினோம்.

அங்கிருந்து வயல்வழியே கொக்கட்டிச்சோலை சென்று, தான்தோன்றீச்சரரை வணங்கி, போர்த்துக்கேயர் முன்னிலையிற் கல் நந்தி புல்லுண்டதென்னும் கர்ணபரம்பரைக் கதையையும் ஊரார் வாயாற் கேட்டோம். பிற்பகல் மண்முனைப் பாலத்திற் பேருந்து ஏறியபோது, மாணாக்கர் அனைவரும் ஒரு பக்கத்துக்கு நகர்ந்து சாளரத்தால் எட்டிப் பார்த்தனர். காலையில் எண்ணெய் போற் கிடந்த வாவி நுரை கக்கி நின்றது. எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகள் பன்னிருவரையும் அவரவர் வீட்டு வாசலில் ஒப்படைத்தோம். எனினும் அன்றிரவு உறக்கம் முழுமையாக வரவில்லை. மறுநாட் காலை துறைக்குச் சென்றோம். நான்கு தோணிகளும் மணலில் ஏற்றிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. பெரியவர் நிழலில் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எமது பிரயாணம் அப்போதுதான் நிறைவெய்தியது.