கையெழுத்துப் போட்ட கடற்கன்னி

குரலைக் கொடுத்துக் காலை வாங்கினாள் ஒரு பெண். விலை சரிதானா என்று கேட்டவர் சிலர். இறுதியில் திருமணம் நடந்துவிட்டதால், கதை இன்பமாக முடிந்தது என்று கைதட்டி எழுந்தவர் பலர். 1989ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனத்தார் வெளியிட்ட ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ என்ற சித்திரப் படத்தைத்தான் கூறுகிறோம்.

மரக்காணத்து உப்பளக் கரையிலே வளர்ந்தவர்கள் நாம். 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கிய பின்னர், நமது தெருவுக்கும் வண்ணம் வந்தது. வாடகைக் குறுந்தகட்டில் அந்தப் படத்தை எத்தனை முறை கண்டிருப்போம்! ஆங்கிலம் புரியாது, ஆயினும் ஏரியல் என்ற கடற்கன்னியின் ஏக்கம் புரிந்தது. திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளை உப்பையே கண்ட கண்களுக்கு, கடலுக்கடியில் அத்தனை நிறங்கள் இருக்கும் என்ற எண்ணமே விருந்தாயிற்று.

அண்மையில், நம் பள்ளி மாணவியர் சிலரோடு அமர்ந்து, அதனை மீண்டும் கண்டோம். இன்றும் இனிக்கிறது. காப்பாற்ற அரசகுமாரன் வருவான் என்று காத்துக்கிடக்கும் பழைய கதாநாயகி அல்லள் அவள். புயலிலே மூழ்கும் அரசகுமாரனை அவளே கரை சேர்க்கிறாள். மனிதர் உலகின் பொருள்களைத் திரட்டி வைத்து, இது எதற்கு, அது எப்படி என்று கேட்கிறாள். கேள்வி கேட்கும் பெண்ணை யாருக்குத்தான் பிடிக்காது?

பிடிக்காதாம்! சூனியக்காரி கூறுகிறாள். கரையிலே வாழும் ஆடவருக்கு வாயாடும் பெண்ணைப் பிடிக்காது, வாய் மூடியவளையே விரும்புவர், எனவே குரல் போனால் உனக்கென்ன நட்டம் என்கிறாள். அங்கே சூழ்ச்சிக்காரியின் வாயிலே வைக்கப்பட்ட அந்தச் சொல், இங்கே பெரியவர்களின் வாயிலே அறிவுரையாக உலவுகிறது. அடக்கம் என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு!

மூன்று நாள் தவணை. அதற்குள் காதல் முத்தம் கிடைத்தாக வேண்டும், இல்லையேல் அடிமை. ஏரியல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறாள். அந்தக் கட்டம் வந்தபோது, எட்டாம் வகுப்புச் சிறுமியொருத்தி கேட்டாள்:

“டீச்சர், கையெழுத்துப் போடத் தெரியுதே, அவன்கிட்ட எழுதிக் காட்டியிருக்கலாமே?”

நல்ல கேள்வி! நான்தான் உன்னைக் காப்பாற்றியவள் என்று மணலிலே விரலால் ஒரு வரி எழுதியிருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். எழுத வைத்தால் படம் நீளாது என்று எண்ணினார்கள் போலும். ஆனால் கையெழுத்து மட்டும் அறிந்த பெண்கள் கதையிலே மட்டுமா இருக்கிறார்கள்? நம் கரையிலே இருக்கிறார்கள். 1990களில் அறிவொளி இயக்கம் கைநாட்டை விரட்டியது, நற்பணி அது. பெயரெழுதக் கற்ற தாய்மார் பெருமிதம் கொண்டனர். அதே தாய்மார் இன்று குழுக்கடன் தாளிலே, காட்டிய இடத்திலெல்லாம், படிக்காமலே பெயரெழுதுகிறார்கள். படத்திலே கடலரசன் தன் சூலத்தின் ஆற்றல் அனைத்தையும் செலுத்தியும் மகள் கையெழுத்திட்ட தாளை அழிக்க முடியவில்லை. வட்டிக் கணக்கு அறிந்தோர் எவரும் அந்தக் காட்சியைக் கற்பனை என்று கூறமாட்டார்!

மூலக்கதை 1837இல் டென்மார்க்கு எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதியது. அதிலே கால் பெற்றவள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கும். திருமணமும் கிட்டவில்லை. டிஸ்னியார் வலியை நீக்கினர், மணத்தைச் சேர்த்தனர். பாத்திக்கும் வரப்புக்குமிடையே உப்புக்கூடை சுமந்து நடக்கும் பெண்களின் வெடித்த பாதங்களைக் கண்டு வளர்ந்த நமக்கு, ஆண்டர்சனே உண்மைக்கு அருகில் நிற்பவராகத் தோன்றுகிறார்.

2023இல் அதே கதையை நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்தனர். ஹேலி பெய்லி என்ற கறுப்பினப் பெண் நடித்தார் என்பதற்காகக் கூச்சலிட்டோர் உண்டு. பெண்ணுக்கு மீன்வால் இருப்பதை நம்ப முடிந்தவர்களுக்கு, கறுத்த தோல் இருப்பதை நம்ப முடியவில்லை! வெயிலிலே கறுத்த நம் மாணவியர் இதைக் கேட்டுச் சிரித்தனர். அந்தச் சிரிப்பு நமக்கு மகிழ்ச்சி அளித்தது.

படம் கப்பல்மேல் நடக்கும் திருமணத்தோடு முடிகிறது. மணமகளுக்கு வயது பதினாறு! தந்தையிடம் அவளே கூறி வாதாடும் வயது அது. நம் பள்ளிக் கணக்கில் பத்தாம் வகுப்போ பதினொன்றோ. பெண்ணின் கதை மணப்பந்தலோடு முடிந்தே தீரவேண்டுமா? படம் வந்த அதே 1989இல்தான் தமிழ்நாட்டில், அதுவரை மணமாகாத பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டமும் பிறந்தது. 2022இல் அந்தத் திட்டம் உருமாறியது. திருமணத்துக்கென்று தந்த பணம், 6 முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாயாக வழங்கப்படலாயிற்று. மணமேடையில் முடிந்த கதையைக் கல்லூரி வாயிலுக்கு நகர்த்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சான்று இருக்கிறது, ஆயினும் சங்கடம் தீரவில்லை. நம் மாணவி ஒருத்திக்கு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடியுமுன்னே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினர். சென்றோம், பேசினோம். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்கு மணம் செய்விப்பது குற்றம் என்னும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துரைத்தோம். 1098 என்ற எண்ணையும் நினைவூட்டினோம். “ஒரு வருசம் போகட்டும்” என்றார் தந்தை. அந்தப் பெண் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் வகுப்பிலே, தான் மேலே படிக்க விரும்புவதாகத் தந்தைக்கு நான்கு வரி எழுதி, நம்மிடம் காட்டினாள். பிழைகள் இருந்தன. திருத்தவில்லை, அப்படியே கொடு என்றோம். கொடுத்தாளா என்று இதுவரை சொல்லவில்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்புக்கு வந்திருக்கிறாள்.

தோழர்களே! மேடையேறிப் பேச நீங்கள் அறிவீர்கள். அதற்கு முன்பு ஒரு சிறு பணி இருக்கிறது. இன்று மாலை வீடு திரும்பியதும், தாயோ தமக்கையோ கையெழுத்திட வேண்டிய தாள் ஏதேனும் இருந்தால், அதனை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்துக் காட்டுங்கள். புரியவில்லை என்றால் மீண்டும் படியுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், பேனாவை மூடி வையுங்கள்.