ஹுவா ஹின்னில் ஒரு நாள்

தாய்லாந்து வளைகுடாவின் மேற்குக் கரையில், பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் ஹுவா ஹின் என்னும் கடற்கரை ஊர் அமைந்துள்ளது. 'கல் தலை' என்பது அப்பெயரின் பொருள். அலைகளுக்கிடையே தலை நீட்டி நிற்கும் பாறைகளைக் கண்டவர்க்குப் பெயர்க் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை. மீனவர் ஊராக இருந்த இதற்கு 1911ஆம் ஆண்டு இருப்புப்பாதை வந்தது. அதன் பின்னரே அரச குடும்பத்தாரும் செல்வரும் ஓய்வை நாடி இங்கு வரலாயினர்.

ஓய்வு பெற்ற இரயில் நிலைய அதிகாரி ஒருவரை அவருடைய மகள் இவ்வூருக்கு அழைத்து வந்திருந்தாள். பத்து வயதுப் பேரனும் உடன் வந்தான். "அப்பா, இங்கே நீங்கள் ஒரு வேலையும் செய்யக்கூடாது, சும்மா இருக்க வேண்டும்," என்பது மகளின் கட்டளை. முப்பத்தாறு ஆண்டுகள் மயிலாடுதுறைப் பகுதி நிலையங்களில் கொடி பிடித்தவருக்குச் சும்மா இருப்பது எளிதன்று. நாள்தோறும் நான்கரை மணிக்கு எழும் வழக்கம் அங்கும் அவரை எழுப்பிவிட்டது. ஆனால் இந்திய நேரம் நான்கரை என்றால் தாய்லாந்தில் மணி ஆறு. வெளியே வந்து பார்த்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. நாகப்பட்டினத்தில் எழுவது போலவே இங்கும் கதிரவன் கடலிலிருந்தே எழுந்தான்.

கரை நெடுக மணல் மெத்தென்று கிடந்தது. சவாரிக்கான மட்டக் குதிரைகளை இருவர் நடத்திச் சென்றனர். தெருவில் காவியுடை துறவியர் வெறுங்காலுடன் வரிசையாக வர, வீட்டுப் பெண்கள் முழந்தாளிட்டு அவர்தம் பாத்திரங்களில் சோறிட்டனர். மூலைக்கடையில் 'ஜோக்' என்றொரு பண்டம் ஆவி பறக்கக் கொதித்துக் கொண்டிருந்தது. பேரன் ஏதோ புதுமை என்று எண்ணி ஓடினான். கிண்ணத்தில் வந்ததோ இஞ்சி தூவிய அரிசிக் கஞ்சி! "கடல் கடந்து வந்தும் கஞ்சிதானா!" என்று மகள் சிரித்தாள். பெரியவர் மட்டும் இரண்டாம் கிண்ணம் வாங்கிக் குடித்தார்.

முற்பகல் முழுவதும் நீரில் கழிந்தது. கடற்கரையை ஒட்டி அரச மாளிகை ஒன்று உள்ளது. ஏழாம் இராமர் எனப்படும் பிரஜாதிபோக் மன்னர் அதனைக் கட்டுவித்து, 'கவலைக்குத் தொலைவில்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1932ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் பாங்காக்கில் புரட்சி மூண்டு வரம்பற்ற முடியாட்சி முடிவுற்றபோது, மன்னர் இவ்வூரில்தான் ஓய்வு கொண்டிருந்தார். கவலைக்கும் அம்மாளிகையின் முகவரி தெரிந்திருந்தது போலும்!

பிற்பகலில் பெரியவர் தயங்கித் தயங்கி மகளிடம் கேட்டார்: "இந்த ஊர் நிலையத்தை ஒருமுறை பார்த்து வரலாமா?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எனினும் மூவரும் சென்றனர்.

ஹுவா ஹின் பழைய நிலையம் மரத்தாலானது. செந்நிறமும் வெளிர் மஞ்சளும் பூசப்பெற்றுப் பொம்மை வீடு போல் நிற்கிறது. அரசருக்கென்று தனிக் காத்திருப்பு மண்டபமும் உண்டு. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அருகே உயர்நிலைப் பாதையில் புதிய நிலையம் திறக்கப்பட்டதால், வண்டிகள் இப்போது மேலே ஓடுகின்றன. பெரியவர் மரத்தூண்களைத் தடவிப் பார்த்தார். பின்னர் ஊழியர் ஒருவரிடம் சென்று, தெற்குத் திசையைக் காட்டி, "மலேசியா?" என்றார். ஊழியர் புன்னகையோடு தலையசைத்தார். அத்திசையில் கை நீட்டி, "படாங் பெசார்" என்று எல்லை நிலையத்தின் பெயரைச் சொன்னார்.

பெரியவர் நடைமேடை இருக்கையில் அமர்ந்துவிட்டார்.

"என்ன தாத்தா?"

"என் தாய்மாமன் இந்த வழியாகப் போயிருக்கிறார்."

அவருடைய தாயின் அண்ணன் இளவயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா இரப்பர்த் தோட்டத்துக்குச் சென்றவர். போர் வந்தது, கடிதம் நின்றது. போருக்குப் பின் ஊர் திரும்பிய ஒருவர், "சயாமுக்கு இரயில் பாதை போட ஏற்றிச் சென்றார்கள்," என்று மட்டும் சொன்னார். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் பாதை அது. 1943 அக்டோபரில் முடிவுற்ற அப்பணியில் ஆசியத் தொழிலாளர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் மலாயாத் தமிழர் மிகப் பலர். காலராவும் பசியும் பல்லாயிரவரைக் கொண்டன. மலாயாவிலிருந்து மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டவர்கள் இத்தென்பாதை வழியாகவே வடக்கே கொண்டு செல்லப்பட்டனர்.

"அம்மா சாகும்வரை தபால்காரர் வரும் நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள்," என்றார் பெரியவர். மகள் இச்செய்தியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

இரவு உணவின்போது கடலின் விளிம்பில் பச்சை விளக்குகள் வரிசையாகத் தோன்றின. கணவாய் பிடிக்கும் படகுகள் அவை. நாளை நீர் விளையாட்டுப் பூங்காவுக்குச் செல்வதாக இருந்தது. மகள் கைப்பேசியில் வழி பார்த்துவிட்டு, "அப்பா, காஞ்சனபுரி பக்கந்தான். நாளைக்கு அங்கே போகலாமா?" என்றாள்.

"அங்கே போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. மாமன் பெயர் எந்தக் கல்லிலும் இராது, அம்மா. பிள்ளை பூங்காவுக்கு ஆசைப்படுகிறான்."

"பூங்கா எங்கேயும் போய்விடாது, தாத்தா," என்றான் பேரன். அவன் குரலில் சிறிது வருத்தம் இருந்தது. அதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

பெரியவர் விடை கூறவில்லை. சற்று நேரத்தில் ஊருக்குள்ளிருந்து வண்டியின் ஊதல் கேட்டது. தெற்கிலிருந்து வடக்கே செல்லும் வண்டி. அவர் இந்திய நேரத்தையே காட்டிக் கொண்டிருந்த தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை மணி கூட்டினார். நிலையத்துப் பலகையில் கண்ட நேரத்தை நினைவுபடுத்திக்கொண்டார்.

"பதினொரு நிமிடம் தாமதம்," என்றார். பிறகு, "காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?" என்று மகளிடம் கேட்டார்.