அப்பா பேர்ல ஒரு உத்தியோகம்

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழ டீ குடிக்கப் போனா போதும், யாராவது ஒருத்தர் பிடிச்சுக்குவார். "தம்பி, சீனாவுலயா இருக்க? பாம்பு, பல்லியெல்லாம் திங்கிறாங்களாமே, நெசமா?" மூணு வருஷமா இதே கேள்வி. நானும் மூணு வருஷமா இதே பதில்: "எங்க ஆபீஸ் கேன்டீன்ல அதெல்லாம் இல்லண்ணே. பிரச்சினையே பன்னிக்கறிதான்."

உண்மையாவே அதான் பிரச்சினை. கத்திரிக்காய் கேட்டா அது மேல பொடிசா கொத்தின கறி இருக்கும். "கறி வேணாம்னு சொன்னேனே"ன்னா, "இது கறி இல்ல, ருசிக்குக் கொஞ்சம் போட்டது"ம்பாங்க. தயிர் வாங்கினா இனிக்கும். பரோட்டா கிடைக்குது, ஆனா அதுக்குப் பேரு 'இந்தியப் பறக்கும் ரொட்டி'. உள்ள வாழைப்பழம் வச்சுத் தர்றாங்க. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சால்னா ஊத்தி அடிச்சவன் வாழைப்பழ பரோட்டாவைப் பார்த்து கண் கலங்கினா அது தப்பா மக்களே?

நான் வேலை பாக்குறது ஷென்ஜென்ல, ஒரு சீனக் கம்பெனியில (பேர் வேணாம், சம்பளம் வரணும் :-)). ஹாங்காங்கை ஒட்டின ஊர். 1980ல சிறப்புப் பொருளாதார மண்டலம்னு அறிவிச்சதுக்கு அப்புறம் வளர்ந்தது. 2020 கணக்கெடுப்புல சுமார் 1.75 கோடி பேர். எங்க ஃப்ளோர்ல வெளிநாட்டுக்காரன் நான் ஒருத்தன்தான்.

முதல் நாளே பேர் போச்சு. நமக்கு ஏதுங்க குடும்பப் பேரு? பாஸ்போர்ட்ல அந்த இடத்துல அப்பா பேர்தான் இருக்கு. அவங்களுக்குக் குடும்பப் பேர்தான் முன்னாடி வரும். ஆக, பேட்ஜ்ல, அட்டெண்டன்ஸ்ல, மீட்டிங் ஸ்கிரீன்ல எல்லாம் அப்பா பேரு. கூப்பிடறதும் அப்பா பேரு. செல்லமா கூப்பிடணும்னா முதல் எழுத்தைப் பிச்சு எடுத்து, பின்னாடி 'கோங்' சேத்துக்குவாங்க. கோங்னா இன்ஜினியர்னு அர்த்தம். அப்பா பேர் 'ல'வுல ஆரம்பிக்கும். அதனால நான் 'லா கோங்'. வேகமா சொன்னா 'லாவ்கோங்' மாதிரி கேக்குமாம். அதுக்கு அர்த்தம் 'புருஷன்'. டீம்ல இருக்கிற பொண்ணுங்க என்னைக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு சிரிப்பு கிளம்பும். எனக்கு விஷயம் புரிய ஆறு மாசம் ஆச்சு. ஹூம்.

அதே முதல் நாள் மத்தியானம் 12:40க்கு பட்டுனு எல்லா லைட்டும் அணைஞ்சது. ஆஹா, இங்கயும் பவர் கட்டா! (2012ல மெழுகுவத்தி வெளிச்சத்துல பத்தாவது படிச்சவனுக்கு வேற என்ன தோணும்?) பார்த்தா, ஆளாளுக்கு மேஜைக்கு அடியிலேர்ந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, கண்ணுக்குத் துணி கட்டிப் படுத்துட்டாங்க. ரெண்டு மணிக்கு லைட்டு வந்ததும் எழுந்து மறுபடி வேலை. நானும் ஒரு கட்டில் வாங்கிட்டேன். அந்தக் கம்பெனியில எனக்குப் பிடிச்ச முதல் விஷயம் அதான்.

கட்டில் ஏன் தேவைப்படுதுன்னு பின்னாடிதான் புரிஞ்சது. ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னாடி யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. காலை 9, ராத்திரி 9, வாரத்துல 6 நாள். இதை அங்க '996'ங்கறாங்க. சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஓவர்டைம் மாசத்துக்கு 36 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 996 சட்ட விரோதம்னு சீன உச்ச மக்கள் நீதிமன்றமே 2021 ஆகஸ்ட்ல தெளிவா சொல்லிடுச்சு. எங்க ஆபீஸ்ல யாரும் "இருங்க"ன்னு சொல்றதும் இல்ல. எட்டு மணிக்கு மேல ராச்சாப்பாடு இலவசம், பத்து மணிக்கு மேல டாக்ஸி காசு. அவ்ளோதான்.

அப்பா விழுப்புரம் டெப்போவுல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். ஒருநாள் போன்ல இதைச் சொன்னேன்.

"ஓ.டி. உண்டா?"

"இல்லப்பா."

"டபுள் டூட்டி பார்த்தா மறுநாள் ரெஸ்ட் உண்டா?"

"இல்லப்பா."

"அப்ப எதுக்குடா உக்காந்திருக்க?"

ரெண்டு டிகிரி படிச்ச மேனேஜருக்குத் தோணாத கேள்வி.

பக்கத்து சீட்டு ஹூனான்காரர். காரத்துல நம்மளையே தூக்கிச் சாப்பிடுற ஊர் அது. அவரோட ஆறு வயசுப் பையன் ஊர்ல தாத்தா பாட்டிகிட்ட வளர்றான். சீனாவுல 'ஹூகோ'ன்னு குடும்பப் பதிவு ஒண்ணு இருக்கு. அது எந்த ஊர்ல இருக்கோ அங்கதான் பள்ளிக்கூடம் மாதிரி விஷயமெல்லாம் சுளுவு. வருஷம் ஒரு தடவை அவங்க புத்தாண்டுக்குத்தான் முழுசா ஊருக்குப் போவார். நம்ம பொங்கலுக்குக் கிளாம்பாக்கத்துல பாக்குற கூட்டத்தை நாடு முழுக்கப் பரப்பினா எப்படி இருக்கும், அப்படி ஒரு கூட்டம் அது. தினம் ராத்திரி எட்டு மணிக்குப் பையன் வீடியோ கால் பண்ணுவான். இவர் மீட்டிங்ல இருந்துகிட்டே சத்தத்தை நிறுத்திட்டு அவன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்.

எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல. வாட்ஸ்அப்பை சீனாவுல 2017ல முடக்கிட்டாங்க. வீசாட்டை இந்தியாவுல 2020 ஜூன் 29 அன்னிக்கு, 59 செயலிகளோட சேத்துத் தடை பண்ணிட்டாங்க. அங்க இருக்கிறது இங்க இல்ல, இங்க இருக்கிறது அங்க இல்ல. நடுவுல எங்கம்மா. ஒரே வழி, இந்திய சிம்மை ரோமிங்ல போட்டா வாட்ஸ்அப் வேலை செய்யும். அந்த சிம் ஒரு பழைய போன்ல. அந்த போன் ரூம்ல. ராத்திரி போய்த்தான் எடுத்துப் பார்ப்பேன். எனக்கு 9:30ன்னா ஊர்ல 7 மணி, அம்மா சீரியல் பாக்குற நேரம். "சாப்ட்டியாப்பா?" "ம்ம்." "வெந்நி குடிக்கிறியா?" "இங்க எல்லாரும் வெந்நிதாம்மா குடிக்கிறாங்க." இவ்ளோதான் பேச்சு.

2024ல ஒரு புதன்கிழமை ராத்திரி ரூமுக்கு வந்து போனை எடுத்தா, 17 மிஸ்டு கால். எல்லாம் அக்கா. அப்பாவுக்குக் காலையில நெஞ்சு வலி. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில சேத்திருக்காங்க. என் சீன நம்பருக்கு ஐ.எஸ்.டி. போட அக்கா போன்ல வசதி இல்ல. முதல் கால் வந்த நேரத்தைப் பார்த்தேன். இந்திய நேரம் 10:40. அங்க 1:10. நான் லைட் அணைச்ச ஆபீஸ்ல கட்டில்ல நிம்மதியா தூங்கிட்டு இருந்த நேரம்.

ஹூனான்காரருக்குத் தகவல் சொன்னேன். அரை மணியில கார் எடுத்துட்டு கீழ நின்னார். ஹுவாங்காங் எல்லைச் சாவடி 24 மணி நேரமும் திறந்திருக்கும். இந்தியர்கள் ஹாங்காங் போக முன்கூட்டி ஆன்லைன்ல பதிஞ்சிருக்கணும், நல்லவேளை அது என்கிட்ட இருந்தது. வழியில அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "அப்பா பேசுறாரா?" பேசுறார்னு அக்கா சொன்னதைச் சொன்னேன். "அப்ப சரி"ன்னார். அப்புறம் எல்லை வரைக்கும் வாயே திறக்கல.

2020லேர்ந்து 2025 அக்டோபர் வரைக்கும் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் நேரடி விமானம் கிடையாது. ஹாங்காங் போய், இன்னொரு ஊர்ல மாறி, சென்னையில இறங்கி டாக்ஸி பிடிச்சேன். திண்டிவனம் வந்தது, வீட்டுப் பக்கம் திரும்பாம நேரா போகச் சொன்னேன். என் ஊரை நிக்காம தாண்டிப் போனது அன்னிக்குத்தான்.

அப்பா கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தார். நான் பக்கத்துல ஸ்டூல்ல. ரெண்டு பேருக்கும் பேச்சு வரல. கொஞ்ச நேரத்துல நர்ஸ் வாசல்ல நின்னு அப்பா பேரைச் சத்தமா கூப்பிட்டாங்க. நான் சட்டுனு எழுந்து நின்னுட்டேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னை இல்லடா, என்னை." மூச்சு வாங்க வாங்கச் சிரிச்சார். நான் உக்காந்துட்டேன். அவர் முகத்தைப் பாக்க முடியல.

இப்ப நல்லா இருக்கார், மாத்திரையோட. நானும் திரும்பிப் போயிட்டேன், வீட்டுக் கடன் இருக்கே. ஆனா ராத்திரி ஏழரைக்குக் கிளம்பிடுறேன். முதல்ல எல்லாரும் நிமிர்ந்து பார்த்தாங்க, இப்ப பாக்குறதில்ல. அந்த வருஷம் ரேட்டிங் ஒரு படி இறங்கிச்சு. அப்பாகிட்ட சொன்னேன்.

"ஓ.டி.யே தரல, அப்புறம் அவன் எதைக் கொறைக்கிறது?"ன்னார்.

டிஸ்கி: சீனாவுக்கு வேலைக்குக் கிளம்புற மக்களே, இந்திய சிம்மை ரூம்ல வைக்காதீங்க, ரோமிங் பேக்கோட பாக்கெட்லயே வைங்க. வீட்டுல ஒருத்தர் போன்லயாவது ஐ.எஸ்.டி. வசதி போட்டுக் குடுத்துட்டுப் போங்க. கட்டில் அங்கேயே வாங்கிக்கலாம்.