பழைய கிராபிக்ஸ் அட்டையும் மறைந்திருக்கும் குறையும்

பழைய கிராபிக்ஸ் அட்டை வாங்குபவர்கள் மின்விசிறியைச் சுழற்றிப் பார்ப்பார்கள். தூசியைத் துடைத்துப் பார்ப்பார்கள். ஆனால் அந்த அட்டையின் நடத்தையைத் தீர்மானிப்பது, அதிலுள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கும் பயாஸ் எனும் ஃபர்ம்வேர்தான். விண்டோஸ் எழுவதற்கு முன்பே திரையில் படத்தைக் கொண்டுவருவதும், நினைவகத்தின் வேகம், மின்னழுத்தம், மின்விசிறியின் சுழற்சி ஆகியவற்றுக்கு அளவு வகுப்பதும் அதுவே.

எங்கள் மதரஸாவில் மாலையில் ஓதவரும் கல்லூரி மாணவர் ஒருவர், ஓராண்டுச் சேமிப்பைக் கொண்டு 2017-இல் வெளிவந்த ரேடியான் ஆர்எக்ஸ் 580 அட்டையொன்றைப் பழையதாக வாங்கினார். பொருத்தியதும் படம் வந்தது. டிரைவர் மட்டும் இயங்க மறுத்தது. "ஹஜ்ரத், பணம் போய்விட்டதா?" என்று கலங்கி நின்றார். மதரஸாவின் கணினிகளைப் பராமரிப்பவன் என்பதால் என்னிடம் கொண்டு வந்திருந்தார்.

காரணம் விரைவில் புலப்பட்டது. அந்த அட்டை முன்பு எதீரியம் மைனிங்கில் உழைத்திருக்கிறது. அத்தொழில் செய்தவர்கள் வருவாய் பெருக வேண்டி, பயாஸில் நினைவகக் கணக்குகளை மாற்றி எழுதுவது வழக்கம். அவ்வாறு மாற்றப்பட்ட பயாஸை ஏஎம்டியின் டிரைவர் ஏற்பதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் மைனிங் முறையையே கைவிட்டது. வேலையிழந்த அட்டைகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன.

செய்ய வேண்டியதை ஒழுங்குமுறையோடு செய்தோம். முதலில், இருக்கின்ற பயாஸை ஜிபியூ-இசட் மென்பொருளால் கோப்பாகச் சேமித்தோம். பழுதானதே ஆயினும், திரும்பிச் செல்ல ஒரு வழி வேண்டும். அடுத்து, சரியான கோப்பைத் தேடினோம். 580 என்ற பெயர் மட்டும் போதாது. தயாரித்த நிறுவனம், நினைவகம் 4 ஜிபியா 8 ஜிபியா, அதன் சில்லு சாம்சங்கா, ஹைனிக்ஸா, மைக்ரானா என அனைத்தும் பொருந்த வேண்டும். பின்னர் கணினியை யுபிஎஸ்ஸில் இணைத்தோம். எழுதும் வேளையில் மின்சாரம் நின்றால் அட்டை முடங்கிவிடக்கூடும். அந்த அட்டையில் இரண்டு பயாஸும் அவற்றுக்கிடையே மாற்றும் பொத்தானும் இருந்தது பேருதவி. தீண்டப்படாத இரண்டாவது பயாஸில் கணினியை எழுப்பி, பொத்தானை முதலாவதற்கு நகர்த்தி, உரிய கோப்பை எழுதினோம். மறுமுறை இயக்கியபோது டிரைவர் தடையின்றி நிறுவப்பட்டது. அல்ஹம்து லில்லாஹ்.

உண்மையான சோதனை அதன் பிறகே வந்தது. அண்மையில் அம்மாணவர் அந்த அட்டையை விற்க எண்ணினார். "இப்போது எல்லாம் கம்பெனி நிலையில்தானே இருக்கிறது? மைனிங் பற்றிச் சொன்னால் விலை விழும்" என்று நண்பர்கள் கூறினார்களாம். என் கருத்தைக் கேட்டார்.

பயாஸைச் சீராக்கியதால் எழுத்துதான் திருந்தியது; இரவும் பகலும் ஓடிய மின்விசிறியும் சூடேறிய நினைவகமும் புதியனவாகிவிடவில்லை. அதுமட்டுமன்று, அட்டையின் கடந்த காலத்தைக் காட்டிய சான்றையே நம் பழுதுபார்ப்பு அழித்துவிட்டது. இனி வாங்குபவர் எவ்வளவு சோதித்தாலும் அதைக் கண்டறிய வழியில்லை. ஆகவே சொல்லும் கடமை முன்னைவிடக் கனத்துவிட்டது என்றேன். மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று விற்பவரிடம் கேட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்த தானியம் அது, விற்பவர் நனைத்ததன்று. ஆயினும் மறைத்தது குற்றமாயிற்று. இங்கும் குறையை உண்டாக்கியவர் வேறொருவர். மறைத்தால் மட்டும் அது நம்முடையதாகிவிடும்.

மாணவர் சற்று நேரம் பேசவில்லை. அடுத்த வாரம் மைனிங் பற்றியும் பயாஸை மாற்றியது பற்றியும் எழுதியே விளம்பரம் செய்தார். பழைய கோப்பையும் வாங்கியவரிடம் ஒப்படைத்தார். எதிர்பார்த்த தொகை கிடைக்கவில்லை. கிடைத்ததில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.