ஆற்காடு ரோடு போய்ச் சேரும் ஊர்

வடபழனி சிக்னலில் நிற்கிற யாருக்கும் ஆற்காட்டு நினைப்பு வராது. கோடம்பாக்கத்திலிருந்து போரூர் வரை மெட்ரோ வேலைக்கு நடுவே நெரிந்து போகிற ஆற்காடு ரோட்டில், ஆற்காடு பெயர்ப்பலகையோடு சரி. எனக்கு மட்டும் அந்தப் பெயரைப் படித்ததும் மனசு ஆற்காட்டில் நிற்காது. பாலாற்றை ஒட்டியே மேற்கே போய் வேலூரில்தான் இறங்கும். வளர்ந்த ஊர்.

காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேர் கையில் எக்ஸ்ரே உறை இருக்கும். ஹவுராவிலிருந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் தெரியும். சிஎம்சி எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் வங்காள எழுத்தில் பலகைகள். காய்கறிக்காரர் பேரம் பேசுவதும் வங்காளத்தில். தமிழ்நாட்டில் வேறெந்தக் கடைத்தெருவிலும் நான் இதைக் கண்டதில்லை.

எங்கள் வீட்டு மாடியறையையும் அப்பா நோயாளிகளுக்கு விட்டிருந்தார். ஒருமுறை கல்கத்தாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து மாதக்கணக்கில் தங்கியது. அந்த அம்மாள் என் அம்மாவை 'மாஷிமா' என்பார். முதல் வாரம் கடுகெண்ணெய் வாசனைக்கு அம்மா ஜன்னலைச் சாத்தினாள். போகப்போக அதே எண்ணெயில் வறுத்த மீனைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு முள்ளுக்கத்தரிக்காய்க் குழம்பு கொடுத்தனுப்பினாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இருந்ததாகத் தெரியவில்லை. டெஸ்ட் ரிசல்ட் வருகிற நாளில் இரண்டு வீட்டிலும் அடுப்பு தாமதமாகத்தான் எரியும்.

இதற்கெல்லாம் தொடக்கம் 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் நோயாளிகளுக்காக வைத்த ஒற்றைக் கட்டில். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. 1947இல் ஆண்களையும் சேர்த்தார்கள். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தலாம் என்று டாக்டர் பால் பிராண்ட் காட்டியது இங்கேதான். இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ் இந்த ஊர் டாக்டர். 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளும் வேலூருக்குப் போய்த்தான், இந்தியாவில் எச்ஐவி இருப்பது தெரியவந்தது. தலைநகரத்தில் அப்போது அந்தச் சோதனைக்கு வசதியில்லை! சென்னைக்காரர்களிடம் இதைச் சொல்வதில் எனக்கு இன்னும் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

வெளியூர்க்காரர்கள் வேலூரைக் கேலி செய்ய ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று நீளும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மூலவர் இல்லாத காலம் அது. 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பட்டியலில் ஒன்று குறைந்தது. ஆறு மட்டும் அப்படியே நின்றது.

அப்போதுகூட பாலாறு முழுசாகச் செத்துவிடவில்லை. மேலே வறண்டிருந்தாலும் மணலை முழங்கை ஆழம் பறித்தால் ஊற்று சுரக்கும். கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். அந்தத் தண்ணீரின் ருசிக்கு இன்றைய கேன் தண்ணீர் கால்தூசு பெறாது. பிறகு மணல் லாரி லாரியாகப் போயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவு நிலத்தடிக்கு இறங்கியது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, வேலூர்ப் பெயரோடு சட்டப் புத்தகங்களில் ஏறியது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

கல்லூரிக் கதை வேறு. 1984இல் 180 மாணவர்களோடு தொடங்கிய பொறியியல் கல்லூரிதான் இன்றைய விஐடி. காட்பாடிப் பக்கம் இப்போது மோமோவும் பானிபூரியும் கிடைக்காத தெரு இல்லை. கிழக்கே வங்கத்திலிருந்து நோயோடு வந்தவர்கள் போட்ட பாதையில், நாடு முழுவதிலிருந்தும் படிக்க வந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

வடபழனியும் ஒருவகையில் ஆஸ்பத்திரி ஊர்தான். நாகி ரெட்டியின் விஜயா-வாகினி ஸ்டுடியோ தளங்கள் இருந்த இடத்தில் இன்று மருத்துவமனையும் மாலும் நிற்கின்றன. பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழக வளாகம். ஆனால் இங்கே நோயாளி காரில் வருகிறார், டோக்கன் வாங்குகிறார், சாயங்காலம் வீடு போய்விடுகிறார். மாடியில் மாதக்கணக்கில் இருந்து கிண்ணம் மாற்றிக்கொள்ள யாருக்கு நேரம்? வேலூரிலும் அந்த மாடியறைகளை இடித்து லிஃப்ட் வைத்த லாட்ஜ்கள் கட்டிவிட்டார்கள். எங்கள் வீடும் போயிற்று.

2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தது. அந்த வெள்ளம் வடிந்துவிட்டது. பாலாற்றங்கரை வேலூருக்கு இப்போது குடிநீர், மேட்டூரிலிருந்து குழாயில் கொண்டுவரும் காவிரித் தண்ணீர்.