வேலூர்க் கோட்டையில் ஒரு ரிவிஷன்!

காலையில் காட்பாடி ஜங்ஷனில் இறங்கும் கூட்டத்தில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் காலேஜ் பிள்ளைகள். அட்டை கிழிந்த நவீன இந்திய வரலாற்றுப் புத்தகத்தோடு இறங்கிய அந்த 29 வயதுப் பெண் மட்டும் கோட்டைக்கு பஸ் ஏறினார்.

சென்னை அண்ணா நகரில் ஹாஸ்டலில் தங்கி யு.பி.எஸ்.சி தேர்வுக்குப் படிக்கிறவர். மூன்று முறை பிரிலிம்ஸிலேயே நின்றுவிட்டார். ‘இதுதான் கடைசி, அப்புறம் கல்யாணம்’ என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இந்த நேரத்தில் கோட்டை எதற்கு?

போன வாரம் எழுதிய மாதிரித் தேர்வுதான் காரணம். ‘1806 வேலூர்ப் புரட்சியின்போது சென்னை மாகாண கவர்னர் வில்லியம் பெண்டிங்க்’ என்றொரு கூற்று. பெண்டிங்க் என்றால் 1829, சதி ஒழிப்பு. மனப்பாடம் அப்படித்தான் சொல்கிறது. தவறு என்று அடித்துவிட்டார். கூற்று சரி! பிரிலிம்ஸில் ஒரு கேள்விக்கு 2 மார்க். தப்பாக அடித்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். அந்த மாதிரி ஒன்றிரண்டு கேள்விகளில்தான் போன வருஷமும் போச்சு.

கோட்டைக்கு வெளியே அகழி, கரையோரம் வாக்கிங் போகும் பெரியவர்கள், உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம், மியூசியம். ‘ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். 1981-ல் கோயிலுக்கு லிங்கம் திரும்பிவிட்டதால் ஒன்று குறைந்தது. பாலாறு மட்டும் மாறவில்லை.

மதில் நிழலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். புரட்சிக்கு அவர் ஒதுக்கியிருந்தது இரண்டே வரி. காரணம்: புதிய தலைப்பாகை. தேதி: ஜூலை 10. அவ்வளவுதான்.

அந்த இரண்டு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது! நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை வெட்ட வேண்டும், தோல் சேர்த்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு. மறுத்தவர்களுக்குக் கசையடி. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே எச்சரித்தும், அவரைப் பைத்தியம் என்று ஒதுக்கினார்கள். கோட்டைக்குள்தான் திப்பு சுல்தானின் குடும்பம் காவலில் இருந்தது. திப்பு மகள் ஒருத்தியின் கல்யாணம் முடிந்த கையோடு, விடியும் முன் துப்பாக்கி வெடித்தது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். திப்புவின் கொடி ஏறியது.

அது சில மணி நேரம்தான் பறந்தது. தகவல் கிடைத்ததும் ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். மதில்மேல் தப்பிப் பிழைத்து நின்ற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவரைக் கயிற்றில் மேலே தூக்கினார்கள். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்த்தன. பிடிபட்டவர்களில் சுமார் 100 பேரைப் பந்தாட்டச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

“அண்ணா, அந்தச் சுவர் எங்கே இருந்தது?” என்று நடந்துபோன ஒருவரிடம் கேட்டார்.

“தெரியாதும்மா. இருபது வருஷமா இங்கதான் நடக்குறேன், யாரும் கேட்டதில்ல. நினைவுத்தூணு வேணா வெளிய மக்கான் சிக்னல்கிட்ட இருக்கு.”

திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1807-ல் பெண்டிங்கைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வேலையைப் பறிகொடுத்து லண்டனுக்குக் கப்பலேறிய அதே மனிதர்தான் 1828-ல் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். புத்தகத்தில் முதல் பாதி ஒரு அத்தியாயத்திலும் இரண்டாம் பாதி வேறொரு அத்தியாயத்திலும் கிடப்பதால் இரண்டு பேர் என்றே தோன்றிவிடுகிறது. படிக்கிறவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நோட்டில் 1803, 1807, 1828, 1829, 1835 என்று எழுதி, எல்லாவற்றையும் ஒரே கோட்டால் இணைத்தார். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இந்த ஊரில் சிறையிருந்து 1832-ல் இறந்தவர். அவருக்கும் ஓரத்தில் ஒரு வரி.

மதியம் போன் வந்தது. “எங்கம்மா இருக்க, சத்தமா இருக்கே?”

“லைப்ரரிலப்பா.”

எங்கோ பாங்கு ஒலித்தது. அப்பா ஒரு நிமிஷம் பேசவில்லை. “சரி, வெயில்ல நிக்காத. சாப்பிட்டியா?” என்றார்.