சமதரைக் கால்களுக்கு ஒரு மலைச் சப்பாத்து

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கீரிமலை என்று பெயரில் ஒன்று இருக்கிறது, போய்ப் பார்த்தால் ஒரு கேணியும் கடலும்தான். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் தரை. சைக்கிளில் கியர் தேவைப்படாத ஊர். இங்கே இருந்துகொண்டு மலையேறும் சப்பாத்து வாங்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனாலும் எங்கட வயசுப் பிள்ளைகள் இப்ப நிறையப் பேர் மலைநாட்டுக்கு நடக்கப் போகினம். சிவனொளிபாதமலை, ஹோர்ட்டன் சமவெளி, கண்டியில் இருந்து நுவரெலியா வரைக்கும் 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ பாதை என்று படங்கள் வந்துகொண்டே இருக்கும். படத்துக்குக் கீழே எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்ன சப்பாத்து போட்டனீங்கள்?" நாங்கள் ஆறு பேர் போய்வந்தோம். அதுக்கு முன்னம் மூன்று மாசம் இரண்டு சோடிச் சப்பாத்துகளை ஊரிலேயே போட்டு நடந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அலுமாரிக்குள் இருந்த சோடி

உண்மையில் முதலில் மூன்று சோடி இருந்தது. மூன்றாவது, சுவிஸில் இருக்கிற பெரியப்பா ஊருக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன தோல் சப்பாத்து. நல்ல சாமான் என்று அம்மா பத்து வருசத்துக்கு மேலாக அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்தா. கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், ஒரு கால் 780 கிராம். மேல் தோல் புதுசு மாதிரி இருந்தது. தெருவில் நூறு மீற்றர் நடக்க முன்னமே அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்து, அடி தனியாகக் கழன்று விழுந்தது.

இது அந்தச் சோடிக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. இப்படியான பல சப்பாத்துகளின் நடு அடி பொலியூரித்தேனால் செய்யப்படுவது. காற்றில் இருக்கிற ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும். எங்கட ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அது இன்னும் வேகமாக நடக்கும். போட்டு நடக்காமல் மூடி வைத்த சப்பாத்துத்தான் இதில் கெதியாய்ப் பழுதாகும் என்று சொல்லுவார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த பழைய மலைச் சப்பாத்து உங்கட வீட்டில் இருந்தால், மலைக்குக் கொண்டுபோக முன்னம் பெருவிரலால் அடியை அழுத்திப் பாருங்கோ. வெடிப்போ உதிர்வோ இருந்தால் விட்டுவிடுங்கோ. மலை நடுவில் அடி கழன்றால் செருப்புக்கூட இல்லாமல்தான் இறங்கவேண்டி வரும்.

மிச்சம் இரண்டும் புதுசு. ஒன்று கணுக்காலை மூடுகிற உயரம், ஒரு கால் 420 கிராம், 27,000 ரூபாய். மற்றது கணுக்காலுக்குக் கீழே நிற்கிறது, 310 கிராம், என் சிநேகிதியினுடையது. இரண்டுக்கும் ஈ.வி.ஏ என்கிற நுரை அடி. பழைய தோல் சப்பாத்தின் பாதிப் பாரம்தான்.

பாரம் முக்கியமா?

மலையேறிகளிடம் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: காலில் ஒரு கிலோ, முதுகில் ஐந்து கிலோ. ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பாரத்தைத் தூக்கி முன்னுக்கு வீசவேண்டி இருப்பதால் அப்படி. அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற அம்மம்மா ஒருவர் 1955இல், தன் 67ஆவது வயதில், 3,000 கிலோமீற்றருக்கு மேல் நீளமான அப்பலாச்சியன் பாதையைச் சாதாரணத் துணிச் சப்பாத்தோடு தனியாக நடந்து முடித்தார். அவ்வளவு தூரம் ஏன் போவான், தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஒரு மாசத்துக்கு மேல் வெறுங்காலோடு நடக்கிறார்கள்.

அப்ப சப்பாத்தே தேவையில்லையா? இந்தக் கேள்வியை நான் கொண்டுபோனது மாமாவிடம்.

மாமாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து திரும்பி, வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் மிதிவெடி. அன்றிலிருந்து ஜெய்ப்பூர் கால்தான். 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற வைத்தியரும் சேர்ந்து உருவாக்கிய ரப்பர் பாதம் அது. சப்பாத்துப் போடாமலே நடக்க, குந்தி இருக்க, சேற்றில் இறங்க என்று எங்கட மாதிரி ஆட்களின் வாழ்க்கையை நினைத்துச் செய்தது. சேத்திக்கு 1981இல் மக்சேசே விருதும் கிடைத்தது.

மாமா என் சப்பாத்தைக் கையில் வாங்கினார், பாரம் பார்க்கவே இல்லை. குதிக்கால் பக்கத்தை இரண்டு விரலால் நசித்தார். முன்னுக்கும் பின்னுக்கும் பிடித்து ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கினார். பிறகு வளைத்தார். விரல் மடிகிற இடத்தில் வளைந்தது, நடுவில் வளையவில்லை.

"இது பரவாயில்லை. நடுவில மடிஞ்சா வேண்டாம்."

"பாரம் பாக்கேல்லையோ மாமா?"

"பாரம் காலுக்குப் பழகும் பிள்ளை. பொருந்தாதது ஒருநாளும் பழகாது. எனக்கு முதல் தந்த கால் நல்ல லேசு. ஆனா உள்ளுக்க ஒரு விரற்கடை ஆடும். அந்த ஆட்டம்தான் தோலை உரிச்சது."

இணையத்தில் நான் வாசித்த ஒரு மதிப்புரையும் இதை இப்படிச் சொல்லவில்லை. பொய்க்கால் போட்டவருக்குக் காலுக்கும் கூட்டுக்கும் இடையில் நடக்கிற ஒவ்வொரு உரசலும் தெரியும். பின்னேரத்தில் கால் வீங்கும், அதனால் பின்னேரத்தில்தான் அளவு பார்க்கவேணும். சொக்ஸ் மொத்தம் மாறினால் அளவே மாறும். ஈரமான சொக்ஸ் தோலை இளக்கிப்போடும். இதெல்லாம் மாமா தன் காலைப் பற்றிச் சொன்னது. அப்படியே மலைச் சப்பாத்துக்கும் பொருந்தும்.

ஊரில் நடந்து பார்த்தது

மலை இல்லாத ஊரில் ஏற்றத்துக்கு எங்கே போவது? வடமராட்சியில் மணற்காட்டு மணல்மேடுகள் இருக்கின்றன. விடியக்காலையில் அங்கே போய் ஏறி இறங்கினோம். மணல் ஏறும்போது குதிக்கால் சப்பாத்துக்குள் மேலே எழும்புகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். சிநேகிதியின் சின்னச் சப்பாத்துக்குள் பத்து நிமிசத்தில் மணல் நிறைந்தது. என்னுடையதுக்குள் போகவில்லை, ஆனால் கால் வெந்தது. தண்ணி புகாத சவ்வு வைத்த சப்பாத்து எங்கட வெயிலில் வேர்வையையும் உள்ளேயே வைத்திருக்கும். அட்டையும் மழையும் உள்ள மலைக்கு அது நல்லம், வெயில் பாதைக்குத் துணி வலை வைத்ததே போதும்.

அடுத்தது மாடிப்படி. தெரிந்தவர்களின் நான்கு மாடிக் கட்டடம், முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பை, இருபது தரம் ஏறி இறங்கல். காவலாளி ஐயா எங்களைப் பார்த்த பார்வையை நான் விபரிக்கத் தேவையில்லை.

இன்னொரு விசயம். நாங்கள் பாட்டாவோடும் வெறுங்காலோடும் வளர்ந்த ஆட்கள். எங்கட பாதம் முன்பக்கம் அகலம், விரல்கள் விரிந்திருக்கும். வெளிநாட்டு அச்சில் வார்த்த பல சப்பாத்துகள் அந்த இடத்தில்தான் ஒடுங்கும். நீளம் சரி என்று வாங்கினால் சின்னவிரல் அழும். எங்கட ஆறு பேரில் இரண்டு பேருக்கு இதே பிரச்சினை. ஆண்களுக்கான சோடியில் அகலம் கூடியதைப் போட்டுப் பார்த்துத்தான் சரிவந்தது. அதோடு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கழற்றவேண்டிய ஊரில் லேஸ் கட்டுகிற சப்பாத்தைப் பழக்குவது பெரிய பொறுமைப் பரீட்சை.

படிகளில்

தைப்பொங்கல் முடிந்த கையோடு வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டி, ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கத்தால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசி வெசாக் வரைக்கும்தான் பருவகாலம். இரவு ஒன்றரைக்கு ஏறத் தொடங்கினோம்.

ஏற்றத்தில் இரண்டு சப்பாத்தும் ஒரேமாதிரித்தான். உண்மையைச் சொன்னால் சின்னது கொஞ்சம் மேல், அதன் லேசு அங்கேதான் தெரிந்தது. மூச்சுத்தான் முட்டியது, கால் ஒன்றும் சொல்லவில்லை. மேலே போய்ச் சூரியனையும், எதிர்ப்பக்கம் விழுந்த மலையின் முக்கோண நிழலையும் பார்த்தோம். அதுவரைக்கும் எழுதச் சொல்லியிருந்தால் இரண்டு சோடிக்கும் பத்துக்குப் பத்து கொடுத்திருப்பேன்.

பரீட்சை இறக்கத்தில்தான் வந்தது. ஒவ்வொரு படியிலும் உடம்பு முழுக்க முன்னுக்கு விழுகிறது. கால் சப்பாத்துக்குள் வழுக்கி, விரல் நுனி முன்சுவரில் இடிக்கிறது. சிநேகிதிக்கு அரை மணித்தியாலத்தில் பெருவிரல் நகம் கன்றிவிட்டது. நான் உச்சியிலேயே லேஸை அவிழ்த்து, கணுக்கால் மடிகிற இடத்தில் இரட்டை முடிச்சுப் போட்டு, குதிக்கால் பின்னுக்கு இறுக இருக்கிற மாதிரித் திரும்பக் கட்டியிருந்தேன். விரல் தப்பியது. அவளுடையதையும் அப்படிக் கட்டிவிட்ட பிறகு மிச்ச இறக்கத்தை ஒருமாதிரிச் சமாளித்தாள். பனியில் நனைந்த படியில் இரண்டு சப்பாத்தும் வழுக்கின. அடியில் பள்ளம் ஆழமாக இருந்தால் மண்ணுக்கு நல்லம். ஈரக் கல்லுக்கு ரப்பர் மெதுமையாக இருக்கவேணும்.

முழங்காலுக்கு எந்தச் சப்பாத்தும் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு உதவியது ஒரு தடி.

வழியில் தேத்தண்ணிக் கடைக்குச் சாமான் மூட்டை சுமந்து வந்த அண்ணர் ஒருவர் எங்களோடு இருந்து களைப்பாறினார். காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. என் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார்: "சப்பாத்து நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா நீங்க காலைத் தூக்கிப் போடுறீங்க. வச்சு எறங்கணும்." காட்டியும் தந்தார். முழங்காலைச் சற்று மடித்து, முழுப் பாதமும் படியில் பட்ட பிறகுதான் பாரத்தை மாற்றவேணும். அதுக்குப் பிறகு இறங்கின ஆயிரம் படிகள் வேற மாதிரி இருந்தன.

இதை வைத்து, பழகின காலுக்குச் சப்பாத்து வேண்டாம் என்று எழுத எனக்கு மனமில்லை. அவருடைய குதிக்கால் வெடிப்புகளையும் பார்த்தேன். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் என் சப்பாத்து இருபது நாள் வேலை. அவர் செருப்போடு நடப்பதற்குக் காரணம் அந்தக் கணக்கும்தான்.

பாதையை விட்டு இறங்காத கால்

இரண்டு நாள் கழித்து அப்புத்தளைப் பக்கம், தம்பேத்தன்ன தோட்டத்தில் இருந்து லிப்டன் சீட் வரை நடந்தோம். ஒரு இடத்தில் பாதை சேறு. கொழும்பில் வளர்ந்த இரண்டு பேர் சர்வசாதாரணமாகப் பக்கத்துப் புல்லுக்குள் இறங்கிப் போனார்கள். ஊரில் இருந்து போன நாங்கள் நாலு பேரும், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, சேற்றுக்குள்ளால் நடந்தோம். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை பார்த்து வளர்ந்த கால், புல்லைக் கண்டால் தானாகவே நிற்கும். முகமாலையில் நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கியதை ஏ-9 வீதியால் போகும்போது பஸ்ஸில் இருந்து பார்த்த பிள்ளைகள் நாங்கள். மலையில் மிதிவெடி இல்லை என்று மூளைக்குத் தெரியும். காலுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க இன்னும் கொஞ்சம் நடக்கவேணும்.

சேற்றில் என் உயரச் சப்பாத்துத்தான் வென்றது, அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

எதை வாங்கலாம்?

ஒருநாள் நடை, முதுகில் சின்னப் பை, காய்ந்த பாதை என்றால் கணுக்காலுக்குக் கீழே நிற்கிற லேசான சோடி போதும். மழை, அட்டை, சேறு, இரண்டு மூன்று நாள் பை என்றால் உயரமானது. எதுவென்றாலும் பின்னேரத்தில், போடப்போகிற அதே சொக்ஸோடு போட்டுப் பாருங்கோ. விரல் முன்னுக்கு முட்டும்வரை காலைத் தள்ளினால், குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரல் போகவேணும். நடுவில் மடிகிறதை வாங்கவேண்டாம். மலைக்கு முன்னம் ஐம்பது கிலோமீற்றராவது ஊரில் நடவுங்கோ. காசு கஷ்டம் என்றால், அளவு ஒத்த சிநேகிதர்கள் சேர்ந்து ஒரு சோடியை மாறி மாறிப் போடலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

திரும்பி வந்து சப்பாத்தை மாமாவிடம் காட்டினேன். அடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். இடது குதிக்காலின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

"இடக்காலை நம்பாமல் நடக்கிறாய் பிள்ளை. அந்தப் பக்கம் பாரத்தைப் போடப் பயப்பிடுறாய்."

பள்ளிக்கூடத்தில் நெட்போல் விளையாடி அந்தக் கணுக்கால் பிரண்டது எனக்கே மறந்துபோயிருந்தது. இப்ப ஒவ்வொரு நாளும் பல் தீட்டும்போது இடக்காலில் மட்டும் நின்று பழகுகிறேன். முதல் நாள் பத்துச் செக்கனில் சரிந்தேன். நேற்று ஐம்பது.

சப்பாத்து முற்றத்தில் காய்கிறது. அலுமாரிக்குள் வைக்க நான் விடவில்லை.